ஒன்பது மணி நாற்பது நிமிடம்

1

இந்தக் கதை என் கற்பனையில்லை, ஒட்டுக்கேட்டது. விமான டிக்கெட் அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடமிருந்து, அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

'அன்று வானம் மேகமூட்டமாக' (வேண்டாம். அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை.)

2

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். கணவன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறான், பதினோரு வருடமாக. இப்போது அவனுக்கு முதுகில் ஆபரேஷன். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவன் கம்பெனியே இவளுக்கு டிக்கெட் போட்டிருந்தது. வாங்கிப்போகத் தம்பியோடு வந்திருந்தாள்.

"மூணு நாளைக்கும் சாப்பாடு நானே கட்டிக்கணுமா, வழியில குடுப்பாங்களா?"

கவுன்ட்டர் பெண் நிமிர்ந்தாள். "எந்த மூணு நாளும்மா?"

"போய்ச் சேர."

"ஒரே ஃப்ளைட்டுதாம்மா. ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஒன்பது மணி நாற்பது நிமிஷம்."

"புதுசா விட்டதா?"

"நான் சேர்ந்து பத்து வருஷமாச்சு. அப்பலேர்ந்தே இருக்கு. தினமும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமாடா?"

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்."

3

(இது அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசியதிலிருந்து, என் முறையைப் பின்னால் நின்றவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் கோத்தது.)

ஏழு வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒன்பது வயது மகள் நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவன் போனில் சொன்னான்: "நான் வந்து சேர மூணு நாள் ஆகும். எனக்காக வச்சிருக்காதீங்க. எடுத்துடுங்க." அவன் அழுதான். "நீங்க என்ன பண்ணுவீங்க, அழாதீங்க" என்று இவள்தான் தேற்றினாள். அன்றே எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவன் ஊர்ப்பக்கம் வரவேயில்லை.

ஏழு வருடத்தில் ஒருத்தரிடமும் விசாரிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இந்த இடத்தில் ஒரு காரணம் எழுதி அடித்தேன். புருஷன் சொன்ன தூரத்தை எந்தப் பெண் அளந்து பார்ப்பாள்?

4

முடிவுகள்.

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சொல்ல வெட்கப்பட்டுத் தூரத்தின் மேல் பழி போட்டான். அவன்மேல் இரக்கப்பட்டு இப்படி எழுத நினைத்தேன். தம்பியும் அதையேதான் சொன்னான்.

"லீவு குடுத்திருக்க மாட்டாங்கக்கா."

"அப்ப லீவு இல்லன்னு சொல்லியிருக்கலாமே. நான் வச்சிருந்திருப்பேனே, லீவு கிடைக்கிறவரைக்கும்."

அந்த முடிவு அங்கேயே செத்தது.

இன்னொன்றில் அவள் டிக்கெட்டைக் கிழித்து (அது என் ஆசை. அவள் அதை மடங்காமல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.)

5

நானும் பின்னாலேயே போனேன். வெளியே வாசற்படியில் அவளுடைய போன் அடித்தது. அவன்தான். அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ம். வாங்கிட்டேன்."

"தம்பி கொண்டு வந்து ஏத்தி விடுவான்."

அப்புறம் வெகுநேரம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "ரொம்ப தூரம்தான்."

அவள் விமானம் ஏறினாளா என்று எனக்குத் தெரியாது. இறங்கியதும் அவன் முகத்தில் என்ன பார்த்தாள் என்பதும் தெரியாது. உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே மறுபடி என் முறை வந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.