கோபே கடைத்தெருவில் சிவப்பு பூட்ஸ்

இந்தச் சிவப்பா, அந்த ரோஜா நிறமா, பாப்பா காலுக்கு எது எடுக்கும்... மாநிறம், ராசாத்தி நிறம், சிவப்புதான் எடுக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் முத்தாயம்மாளுக்குச் சுருக்கென்றது, ராசாத்தி நிறம் என்று ஏன் நினைத்தோம், இனிமேல் அப்படி நினைக்கக் கூடாது, கொழுந்தன் மகள் என்றும் கூடாது, நம்ம பாப்பா, அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்குகிற பூட்ஸுகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தன, தெருவில் மீன் வாசம், கால் இன்னும் கப்பலிலேயே இருப்பதுபோலத் தரை லேசாக ஆடியது. கோபேதான் கடைசித் துறைமுகம், நாளைக் காலையில் கப்பல் திரும்பிவிடும், அப்புறம் மெட்ராஸ், ரயிலில் சேலம், காரில் திருச்செங்கோடு... வெளியே அவர் ஜப்பான்காரன் கொடுத்த தறிப் படத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார், மில்லுக்குத் தறி பார்க்க வந்தவர், பார்த்தாயிற்று, நீயும் வா புள்ள, நாலு ஊரு பாத்தா மனசு ஆறும் என்று கூட்டி வந்தார், ஆறியதா? கடல் முழுக்கப் பாப்பாவைத்தானே பார்த்துக்கொண்டு வந்தாள். திருச்செங்கோட்டு மலை உச்சியில் பிள்ளை வரம் கேட்டு வறடிக்கல்லை எத்தனை முறை சுற்றியிருப்பாள், பிடி தவறினால் பாதாளம், பிள்ளை இல்லாதவளுக்குப் பாதாளம் என்ன பயம், அப்போதெல்லாம் வராத பயம் இந்தக் கடையில் வருகிறதே.

கொழுந்தன் பெண்டாட்டி ராசாத்திதான் தன் வாயால் சொன்னாள், மாமியார் சொல்லச் சொல்லிச் சொன்னாளோ, நாலாவதும் பொண்ணாப் போச்சு, நீங்களே வளத்துங்கக்கா, உங்க புள்ளைங்க என்றாள், போய் வந்ததும் நல்ல நாள் பார்த்துக் கூட்டி வந்துவிடலாம் என்று பேச்சு முடிந்தது. கிளம்புகிற அன்றைக்கு முத்தாயம்மாள் பாப்பாவைத் தூக்கினாள், தூக்கியதும் வீறிட்டது, அடுக்களையில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த உலக்கைச் சத்தம் சட்டென்று நின்றது... ராசாத்தி வெளியே வரவில்லை, கூப்பிடவுமில்லை, சத்தம் மட்டும் நின்றது, பாப்பா அழுது ஓய்கிற வரைக்கும் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. அதைப் பற்றி இவரிடம் சொன்னோமா, இல்லையே, எதற்குச் சொல்லாமல் விட்டோம்?

கடைப்பெண் குனிந்து வணங்கினாள், சிவப்பு ஜோடியை எடுத்து வைத்து, மாமா? என்று முத்தாயம்மாளைக் கையால் காட்டிக் கேட்டாள். மாமாவா, அவர் வெளியே நிற்கிறாரே என்று இவள் வாசல் பக்கம் கையைக் காட்ட, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள், சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் உள்ளே வந்தார்.

“ஏனுங்க, உங்களத்தான் கேக்குது, மாமாங்குது.”

“என்னய இல்ல புள்ள. இங்க அம்மாவத்தான் மாமாங்கறாங்க. நீதான் அம்மாவான்னு கேக்குது. ஆமான்னு தலைய ஆட்டு.”

ஆட்டினாள். அந்தப் பெண் சந்தேகமே படாமல் இன்னொரு முறை வணங்கினாள், அவ்வளவு சுலபமாகவா, இத்தனை வருஷம் ஊரில் ஒரு பந்தலில்கூட முன்வரிசைக்குப் போகாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றவளை எங்கேயோ ஒரு துறைமுகத்தில் யாரோ ஒருத்தி அம்மா என்று ஒத்துக்கொண்டாள், நெஞ்சு பாலூறியதுபோல் கனத்தது... அடுத்தாற்போல் அந்தப் பெண் இரண்டு கைகளையும் அகட்டி, குறுக்கி, கால் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். எவ்வளவு இருக்கும்? கிளம்பும்போது உட்கார்ந்திருந்தது, இப்போது நிற்குமோ என்னமோ, யார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்... அதையும் இந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது?

“பெரிசே குடுக்கச் சொல்லுங்க.”

“அத்தாம்பெருசு எதுக்கு? கழண்டு உழுந்துருமே.”

“நடக்கறப்போப் போட்டுக்குமுங்க. நல்லா நடக்கட்டும், ஓடட்டும்... ஒரு வருஷங்கூட ஆகட்டுமே, என்ன இப்போ.”

“அதுக்குள்ள நம்மூட்டுக்கு வந்துருமில்ல?” என்றார் அவர்.

கடைப்பெண் மெல்லிய தாளில் ஒவ்வொரு பூட்ஸையும் தனித்தனியாகச் சுற்றினாள். ஆகட்டுமே என்று எப்படி வாயில் வந்தது, ஒரு வருஷம் என்று யார் சொல்லச் சொன்னார்கள், கப்பல் ஏறின நாளிலிருந்து நல்ல நாளைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாமல்... அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார், முத்தாயம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள், வந்துருமுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள், பாப்பா வீறிட்டதும் சட்டென்று நின்ற அந்த உலக்கைதான் முன்னால் வந்தது.