பலாப்பழ வாசனை வீசிய வாரம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு லாரிகள் நின்றுபோன அந்த ஒரு வாரத்தில், தியாகதுருகத்தில் லாரி ஓட்டும் பதினேழு ஆண்களின் உடம்பிலிருந்து பலாப்பழ வாசனை வீசியது. மாதமோ புரட்டாசி. கல்வராயன் மலையில் பலா முடிந்து வெகுநாளாகியிருந்தது. லாரி ஓடும்வரை காற்றோடு போய்க்கொண்டிருந்த வாசனை, ஆள் வீட்டில் தங்கியதும் வீட்டிலேயே தங்கிவிட்டது. டிரைவர் தெய்வசிகாமணி சீயக்காய் தேய்த்துக் குளித்தார். வாசனை இன்னும் பழுத்ததுதான் மிச்சம். அவர் மனைவி செல்லியம்மாள், மனுஷன் பழத்தை எங்கேயோ பதுக்கிவிட்டார் என்று பரணிலும் நெல்லுக் குதிருக்குள்ளும் குடைந்து பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுளை கேட்டுக் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

அவளுக்கு அப்போது நான்காம் மாதம். முன்பு பிறந்த மூன்றும் குரல் கொடுக்காமலே மண்ணுக்குப் போயிருந்தன. சாமி குத்தம், செய்வினை என்று ஊர் ஆளுக்கொன்று சொன்னது. இதுவாவது தங்க வேண்டுமே என்று அவள் வேண்டாத சாமியில்லை.

கர்ப்பிணிகளைப் பார்க்க நடந்தே வந்த நர்ஸ் பவுலின் வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்தார். இருவருக்கும் ரத்தம் எடுத்து, இரண்டு நாளில் முடிவோடு திரும்பினார்.

“பழமும் இல்ல, செய்வினையும் இல்லம்மா. மேகப்புண்ணு, சிபிலிஸ்னு சொல்றது. அவர் வெளிய வாங்கியாந்து உனக்குக் குடுத்த சீக்கு. மூணு புள்ளையும் இதாலதான் போச்சு. ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கினா இது பொழைக்கும்.”

“வெளிய தெரிஞ்சா மானம் பூடும் சிஸ்டர்” என்றார் தெய்வசிகாமணி.

“இனிமேதான் தெரியணுமா? தெருவே கிண்ணத்தோட நிக்குது. ஒலகம் பூரா லட்சக்கணக்குல குழந்தைங்க இதால சாவுது. நீங்க ஒண்ணும் புதுசா கண்டுபுடிக்கல.”

செல்லியம்மாள் அன்று முழுக்க அழுதாள். அடுப்பு மூட்டவில்லை. விடிந்ததும் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, “இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? எழுந்து வாய்யா” என்று முன்னே நடந்தாள். அதுவரை அவரை ஒருமையில் கூப்பிட்டவள் இல்லை. அவர் பின்னால் போக, வாசனையை மறைக்க வழியில்லாத மற்ற பதினாறு பேரும் மனைவிமாரோடு கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் திருவிழாக் கூட்டம். ஊசி போட்ட மறுநாள் ஒருவரிடமும் வாசனை இல்லை. அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஓரிருவர் மணப்பதுண்டு. ஊரார் சிரித்துக்கொண்டே சிஸ்டர் வரும் நேரத்தைச் சொல்லி அனுப்புவார்கள்.

மாசியில் பெண் குழந்தை பிறந்து, தெருக்கோடி வரை கேட்க வீறிட்டது. பால் கொடுத்து அமர்த்தச் சொன்னார்கள். செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இருங்க, இன்னும் கொஞ்சம் அழுவட்டும்.”