இன்றைக்கு யார் சுலோச்சனா

எங்கள் அலுவலகத்தில் காலையில் எழும் முதல் கேள்வியே இதுதான்: "இன்னிக்கு யாருப்பா சுலோச்சனா?"

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையோரம், ஒரு மாடியில் இருக்கிறோம். விவசாயக் கூலிகளுக்கு முதுமையில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் நிதியத்தின் கிளை. மேலாளரோடு சேர்த்து ஆறு பேர். பதிவெல்லாம் கம்ப்யூட்டரில், ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேரில். அதற்குள் நுழைய ஒரு ஆளின் பெயருக்கு வருஷம் நாற்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

தலைமையகம் இரண்டு பெயருக்குத்தான் கட்டியது. ஒன்று மேலாளர் பக்தவச்சலத்துக்கு. அவர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. மற்றது மூத்த எழுத்தர் சுலோச்சனா அக்காவுக்கு. அக்காவின் பாஸ்வேர்டு, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எங்கள் நாலு பேருக்கும் மனப்பாடம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். அதனால் அக்காவின் எவர்சில்வர் டம்ளர் யார் மேசையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த வேளைக்குச் சுலோச்சனா. அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் டம்ளர் என் மேசையில் இருந்தது. காவடிக் கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, நடந்து வந்து சேர்ந்த எரிச்சலில் இருந்தேன். கந்தன், தகப்பனார் எல்லப்பன் என்று ஓர் இறப்புச் சான்று வந்திருந்தது. எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கந்தன் மேல்தான் விழும். அதே ஊரில், அதே தெருவில், அதே தகப்பன் பெயரோடு இன்னொரு கந்தன் இருந்தார். நான் பட்டியலைச் சரிபார்க்கவில்லை. உயிரோடு இருந்தவரைச் சாகடித்துவிட்டேன்.

ஐப்பசியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். "மூணு மாசமா பணம் வர்லிங்க. பேங்குல கேட்டா நீ செத்துட்டன்றாங்க." ரேஷன் அரிசிக் கஞ்சிதான் குடிக்கிறாராம். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

அவர் மேலிடத்தில் மனு கொடுத்தார். தலைமையகம் கம்ப்யூட்டரில் பார்த்தது. பதிவு செய்தவர்: சுலோச்சனா. அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். தையில் ஓய்வு பெற வேண்டியவர். விசாரணையில் குற்றம் என்று வந்தால் அவருடைய ஓய்வூதியம் போய்விடும். விசாரணை முடியும்வரை பதிவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆகவே கந்தனும் செத்தவராகவே இருந்தார்.

நான்தான் செய்தேன் என்று சொல்லப் போனேன். மேலாளர் கதவைச் சாத்தினார். நாலு வருஷமாக ஒரு பெயரில் ஐந்து பேர் புகுந்தது தெரிந்தால், கம்பெனி அத்தனைக்கும் அபராதம் கேட்கும், தலைமையகம் கிளையையே மூடிவிடும், கிழவர்களெல்லாம் திருவள்ளூருக்கு அலைவார்கள் என்றார். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கடா. நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். இதில் இன்னொரு கேவலம், அக்கா வீட்டில் இருக்க, அவர் பெயரில்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தோம். மார்ச் வரைக்கும் காசு கட்டியாகிவிட்டது, வீணாக்க வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

விசாரணைக்கு சுஜாதா என்ற அதிகாரி வந்தார். அக்காவை, மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. "பூபாலா, தொறந்து காட்டு" என்றார் மேலாளர் என்னிடம், பழக்க தோஷத்தில். டம்ளர் என் மேசையில்தான் இருந்தது. என் விரல்களும் பழக்கத்திலேயே பாஸ்வேர்டை அடித்துவிட்டன. திரையில் 'வணக்கம், சுலோச்சனா' என்று வந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"அவங்க அங்க உக்காந்திருக்காங்க. இப்ப உள்ள போனது யாரு?"

மேலாளர் இருமினார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இன்னிக்கு நான்தாங்க சுலோச்சனா," என்றேன். "கிருத்திகைக்கு முந்தின நாளும் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரையும் காட்டினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை எழுதினா இந்த ஆபீஸ் இருக்குமான்னு எனக்கே தெரியாது. எழுதட்டுமா?"

என் பெண்கள் இருவரும் நினைவுக்கு வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது.

"எழுதுங்க."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி நெடுநேரம் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு, பதிவைத் தொடக்கூடாது என்ற உத்தரவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, முதலில் கந்தனை உயிரோடு இருப்பதாகப் போடச் சொன்னார்.

'உயிருடன் உள்ளார்' என்று அடித்தேன். அதன் கீழே தானாகவே வந்து விழுந்தது: பதிவு செய்தவர், சுலோச்சனா. கம்ப்யூட்டருக்கு என் பெயர் தெரியாது. எனக்கு யாரும் காசு கட்டவில்லை.