வெட்டியெடுத்த மஞ்சள் போர்டு

போர்டைக் காணோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன், கடுப்பில் டேப்லெட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன். ஈரத் தரை இருந்தது. அதன் மேல் காலை வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. பின்னால் லிப்ட் கதவு ஒரு பொட்டுக் கறை இல்லாமல் பளபளத்தது. ‘கவனம், தரை வழுக்கும்’ என்று எழுதிய மஞ்சள் போர்டு மட்டும் இல்லை. யார் எடுத்தது என்று ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. நான்தான் எடுத்தேன், அதுவும் ரசித்து ரசித்து எடுத்தேன்.

அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் அவர் துப்புரவுப் பணியாளர். பன்னிரண்டு வருஷமாகக் கீழ்த்தளம் முழுக்க அவர் பொறுப்பு. போன வியாழக்கிழமை காலை அவர் மாப் போட்ட தரையில் மூன்றாம் மாடி அதிகாரி ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அங்கே எச்சரிக்கை போர்டே இல்லை என்று வெள்ளிக்கிழமை புகார் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கேமரா இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு விசாரணை, போர்டு இருந்ததாகக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். இவரோ கட்டட மேலாளரிடம், “போட்டோ இருக்கு மேடம். விழறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நானே எடுத்தது” என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

அந்தப் படம் எனக்காக எடுத்ததுதான். எனக்கு இந்த டிஜிட்டல் ஸ்கிராப்புக், அதாவது போட்டோக்களைத் திரையிலேயே வெட்டி ஒட்டி ஆல்பம் செய்கிற பைத்தியம் பிடித்து மூன்று வருஷம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, வருகிறவர்கள் மூக்கில் பிரேம் மாட்டி மாட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், டேப்லெட்டும் நானும்தான். ஒரு பக்கத்துக்குக் கிழிந்த காகிதம் மாதிரி ஓரம் வைப்பேன். படத்தின் அடியில் மெல்லிசாக நிழல் கொடுத்தால் நிஜமாகவே ஒட்டினது மாதிரித் தூக்கி நிற்கும். அந்த நிழல் சரியாக விழுகிற நொடியில் எனக்குள் வருகிற சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். முந்நூறு பெண்கள் இருக்கிற எங்கள் ஸ்கிராப்புக் குழுவில் எனக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். வேண்டாததை நறுக்கென்று எடுத்துவிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

“தரையில வெயில் விழறது அவ்ளோ அழகா இருக்குன்னு சொல்வீங்களே, ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்று நான்தான் நச்சரித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போனிலிருந்து படத்தை என் டேப்லெட்டுக்கு மாற்றினேன். அவர் போன் எப்போதும் நிரம்பி வழியும் என்பதால் அங்கே அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். டேப்லெட்டிலும் இடம் இல்லை என்று வந்தது. எப்போதும் நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன். அன்றைக்குச் சோம்பல்பட்டு, இருக்கிற படத்தின் மேலேயே வேலை செய்து சேமித்தேன். நட்ட நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த மஞ்சள் சனியனை எடுத்ததும் தரை எவ்வளவு அழகாக ஆனது தெரியுமா? எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்தப் போர்டு இல்லாமல் போய்விடவும் இல்லை. நான் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. அதை வெட்டி ஸ்டிக்கராக வைத்துக்கொண்டு, அன்றைக்கே வேறொரு பக்கத்தில் ஒட்டினேன். பனியன்கூட இல்லாமல் வாயைத் திறந்து நாற்காலியில் தூங்குகிற என் வீட்டுக்காரர், அவர் தொப்பைக்கு முன்னால் ‘கவனம், தரை வழுக்கும்’. மேலே ‘எங்கள் வீட்டு ஆபத்துப் பகுதி’ என்று தலைப்பு. அதைக் குழுவிலும் போட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை எந்த முகத்தோடு மேலாளரிடம் காட்டுவது?

“கிடைச்சிடுச்சா?” என்று அங்கிருந்தே குரல் வந்தது.

“இருக்கு, இருக்கு. தேடிட்டு இருக்கேன்.”

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் காலர் மடிப்பை நீவி நீவித் தேய்ப்பதைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது, திரும்ப உட்கார்ந்தேன். போர்டு அங்கே இருந்தது நிஜம். இருந்ததை இருந்த இடத்தில் வைப்பது எப்படிப் பொய்யாகும்? இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாகி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டிக்கரை எடுத்து, படத்தில் போர்டு முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன். ஈரத் தரையில் போர்டின் சாயல் தெரிய வேண்டும், அதைக் கவிழ்த்துப் போட்டு மங்கலாக்கினேன். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்த பழைய தரைத் துண்டு சுற்றியிருக்கிற வெளிச்சத்தோடு சேரவில்லை, அதைச் சுத்தமாக எடுத்தேன். வலது காலில் பிளாஸ்டிக் உறை ஒன்று கிழிந்து தொங்கியது, அசிங்கமாக இருக்கிறதென்று அதையும் எடுத்தேன். வேலை அற்புதமாக வந்தது. மூன்று வருஷத்தில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்தபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

அவர் வந்து குனிந்து பார்த்தார். “அப்பாடா” என்று என் தலையில் கை வைத்தார். “நீயும் கூட வா. இந்த டேப்லெட்டைத் தொட்டாலே எனக்கு எங்கயாவது போயிடுது.”

எட்டாம் மாடியில் மேலாளர் அறை. ஏசி குளிரில் எனக்கு வேர்த்தது. மேலாளர் ஐம்பது வயதுப் பெண், பேனாவை மூடி மூடித் திறக்கிற பழக்கம். எதிரே அந்த அதிகாரி, கட்டுப்போட்ட கையை மேசை மேல் வைத்திருந்தார். அந்தக் கட்டைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. டேப்லெட்டை மேசையில் வைத்தேன்.

மேலாளர் ரொம்ப நேரம் பார்த்தார். “போர்டு இருக்கே சார்” என்று அதிகாரி பக்கம் திருப்பினார்.

“இந்தக் காலத்துல போட்டோவை யாரு வேணா என்ன வேணா பண்ணலாம் மேடம்” என்றார் அவர். “இது அன்னைக்கு எடுத்ததுன்னு எப்படித் தெரியும்? இவர்தான் எடுத்தார்ன்னு எப்படித் தெரியும்?”

என் வீட்டுக்காரரோ சிரித்தார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

“அதுக்குத்தான் சாட்சி இருக்கே சார். லிப்ட் கதவைப் பாருங்க. கதவுல நான் தெரிவேன். ஒரு கையில மாப்பு, ஒரு கையில போன். தோள்ல அந்தப் பச்சைத் துணி போட்டிருப்பேன், விழுந்தப்ப உங்க கைக்குக் கட்டினேனே, அதே துணி. இந்தா, அதைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டு.”

நான் அசையவில்லை.

“பெருசு பண்ணும்மா.”

மேலாளரே இரண்டு விரலால் விரித்தார். லிப்ட் கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. பளபளப்பு, பளபளப்பு, அப்புறமும் பளபளப்பு. ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. “நான் இருந்தேனே” என்றார், மெதுவாக. யாரிடமும் இல்லை, படத்திடம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவில் கறுப்பாக ஏதோ தெரிந்ததும், பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் அதன் மேல் விரலை ஓட்டியதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. போர்டை எடுத்தவள் அதோடு அவரையும் எடுத்திருந்தேன். காலையில் போர்டைத் திரும்ப வைத்தபோது அவர் இல்லை என்பதுகூடக் கண்ணில் படவில்லை.

“மேடம், இவர் பொய் சொல்லலை” என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “படத்துல கை வச்சது நான். அழகுக்காகப் போர்டை எடுத்தேன். இன்னைக்குக் காலையில திரும்ப வச்சேன். இவருக்கு இது எதுவும் தெரியாது.”

அதிகாரி “பார்த்தீங்களா” என்று நாற்காலியில் சாய்ந்தார். மேலாளர் பேனாவை மூடினார், இந்தத் தடவை திறக்கவில்லை.

இனி மானம் போனால் என்ன என்று குழுவைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாயைப் பிளந்து தூங்குகிற தொப்பை, முன்னால் மஞ்சள் போர்டு. பக்கத்திலிருந்து அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

“இது போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டது மேடம். சார் புகார் கொடுத்தது வெள்ளிக்கிழமை. இந்தப் போர்டு அந்தப் படத்துல இருந்து அன்னைக்கே வெட்டினது. அவசரத்துல கேவலமா வெட்டியிருக்கேன், காலுக்கு நடுவுல தரையைக்கூட எடுக்கலை, பாருங்க.”

மேலாளர் அந்த முக்கோணத் துண்டைப் பெரிதாக்கினார். ஈரம் தெரிந்தது, ஈரத்துக்குக் குறுக்கே ஒரு பித்தளைக் கோடு ஓடியது. “நம்ம லிப்ட் முன்னாடி இருக்கற கோடு” என்றார். பிறகு வலது காலில் விரல் வைத்தார். “இது என்ன தொங்குது?”

“உறை மேடம்” என்றார் என் வீட்டுக்காரர். குரலில் உயிரே இல்லை. “புது போர்டு. பழசு உடைஞ்சு போச்சுன்னு புதன்கிழமை மத்தியானம்தான் ஸ்டோர்ல குடுத்தாங்க. வியாழக்கிழமை காலையிலதான் முதல் தடவையா வச்சேன்.”

ஸ்டோருக்குப் போன் போனது. பதில் வருகிற வரைக்கும் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் இரண்டரை மணிக்கு இவர் கையெழுத்துப் போட்டுப் போர்டை வாங்கியிருக்கிறார். கீழ்த்தளத்தில் மாப் போடுவது காலையில் ஒரு தடவைதான். புதன் மத்தியானத்துக்கும் வியாழன் சாயங்காலத்துக்கும் நடுவே ஈரத் தரையும் அந்தப் போர்டும் சேர்ந்திருக்க வியாழக்கிழமைக் காலையை விட்டால் வேறு வேளை இல்லை.

அதிகாரி கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டார். “நான் போன் பார்த்துக்கிட்டே வந்தேன்” என்றார் கடைசியில். “போர்டு இருந்திருக்கலாம்.”

வேலை போகவில்லை. ஆனால் மாற்றிய படத்தைக் கொண்டுவந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும் என்றார் மேலாளர். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாங்கும் முதல் கடிதம், என் கைங்கரியம். என்னைப் பார்த்து, “நல்லா வெட்டுறீங்க” என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

வெளியே லிப்டுக்காக நின்றோம். அந்த மாடியிலும் கதவு பளபளவென்றுதான் இருந்தது, அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். தொப்பைப் படத்துக்காகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“போர்டு அசிங்கமா இருந்துச்சு, எடுத்தே. அது சரி” என்றார். “என்னை எதுக்கு எடுத்தே?”

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“நீங்கன்னு தெரியலைங்க. கதவுல கறைன்னு நினைச்சேன்.”

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சைத் துணியை எடுத்து, என் கைரேகையோ வேறு யாருடையதோ, கதவில் இருந்த ஒரு தடத்தை அழுத்தித் துடைத்தார்.

“பன்னெண்டு வருஷமா அந்தக் கதவுல ஒரு கறை இருக்க விட்டதில்ல நான்” என்றார்.

லிப்ட் வந்தது. அவர் முதலில் ஏறினார்.