மழையில்லாத நாளில் ஒரு குடை

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களை வரவேற்கும் வாரம் அது. பூங்காவில் பிற்பகலிலேயே பியர் ரின்கள் காலியாகிவிட்டன. முதல் முறையாகக் குடித்த ரிசாந் புல்லில் சுருண்டு படுத்துவிட்டான். உடன் படிக்கும் பிரசாந்தன் அவன் தலையில் சிப்ஸை அடுக்கி, ஸ்னாப்சாட்டில் போடுவதற்காக வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

அந்தப் புது மாணவர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி மயூரா அதைக் கண்டாள். ரிசாந் சனிக்கிழமைகளில் நகரின் குரோருட் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்குகிறவன். அந்தப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது. அவள் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் அமர்ந்து, தன் பூப்போட்ட குடையைப் பிரசாந்தனின் போனுக்கு முன்னால் விரித்தாள்.

“அக்கா, மழையே இல்லை. தள்ளுங்கோ!”

“வெயில் சுடுது.”

“ஒஸ்லோ வெயிலோ?”

“ஓம். நாளைக்கு நீ இப்பிடிக் கிடந்தாலும் எனக்குச் சுடும்.”

பிரசாந்தன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. எடுத்த வீடியோவை அவள் கண்முன்னாலேயே அழித்தான். பிறகு கடைக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தலுடன் திரும்பி, தானும் குடைக்குள் நுழைந்தான். மூன்று பேருக்கு அந்தக் குடை போதவில்லை. ‘முருகா, இவன் நல்லபடியாக எழும்பட்டும்’ என்று மயூரா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து ரிசாந் கண் விழித்துக் குடையைப் பார்த்தான்.

“என்ன, மழையோ?”

பிரசாந்தன் அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த சிப்ஸ் துண்டை மெல்லத் தட்டிவிட்டான்.

“ஓம் மச்சான், இப்பத்தான் விட்டது. இந்தா, தண்ணியைக் குடி.”