எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும்

தபால் அலுவலக நிறுத்தம் வந்ததும் என் கால் தானாக நின்றது. பேருந்துக்குக் காத்திருந்த மூன்று பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அரைக்கால் சட்டையும் தொப்பையும் வியர்வையுமாக ஓடிவந்த ஒருவன் தங்கள் முன்னால் ஓரங்கட்டி நின்றால் பார்க்காமல் என்ன செய்வார்கள்? பையோடு இருந்த பெரியவர் மட்டும் கூச்சப்படாமல் கேட்டார்: "என்ன தம்பி, வண்டி எங்க போகுது?"

முன்னால் ஓடிக்கொண்டிருந்த என் மகள் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா! மாரத்தான்லயும் இப்படித்தான் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு ஆள் ஏத்தப்போறீங்களா?"

நான் பேருந்து ஓட்டுநர். வாழ்நாளில் பாதியை இந்த ஒரே தடத்தில் ஓட்டியிருக்கிறேன். பயிற்சிக்கு வேறு சாலை பார்த்திருக்கலாம்தான். ஆனால் எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்தத் திருப்பத்தில் நாய் பாயும் என்பதெல்லாம் எனக்கு இங்கேதான் அத்துபடி. அதுவே வினையாகப் போயிற்று. நிறுத்தத்தின் கம்பம் கண்ணில் பட்டதும் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. சரி, நின்றது நின்றாயிற்று, உடனே கிளம்பலாம் என்றால் அதுவும் முடிவதில்லை. எதற்கோ காத்துக்கொண்டு மரம்போல நிற்கிறேன். மகள் வந்து முதுகில் கைவைத்துத் தள்ளினால்தான் வண்டி நகர்கிறது.

இந்த வயதில் இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று டெப்போவே சிரித்தது. எல்லாம் என் மனைவிக்காகத்தான். போன வருடம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து அவளுடைய வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கால் ஒரு தடியோடு திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "இல்ல." பசிக்கிறதா என்றால் இல்ல. பசிக்கவில்லையா என்றாலும் இல்ல. அவளைப் போன்றவர்களுக்குப் பேசப் பழக்குகிற மையம் ஊரில் ஒன்றே ஒன்று, நூலகத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கூடத்தில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு டீச்சர். இப்போது அந்தக் கூடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் பிடிக்க நிதி திரட்டத்தான் இந்த ஓட்டம். ஓடுகிறவர்கள் அவரவர் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும். டெப்போவில் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். "முழுசா ஓடி முடிச்சாத்தான் துட்டு," என்றான் நாங்கள் 'கிரீஸ்' என்று கூப்பிடும் மெக்கானிக். "பாதியில டிரிப்ப கட் பண்ணா டிக்கெட் காசு வாபஸ், சொல்லிட்டேன்."

என் மனைவியைப் பற்றி முக்கியமானதைச் சொல்லவில்லை. அவள் என் கண்டக்டர். இதே தடத்தில், என் வண்டியில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சில்லறை இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு அவள் செய்யும் அர்ச்சனையைக் கேட்கவே சிலர் பெரிய நோட்டோடு வருவார்கள் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. விசில் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. "நாயக் கூப்பிடற மாதிரி உங்கள எதுக்குக் கூப்பிடணும் டிரைவரே?" என்பாள். எல்லோரும் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பின்வாசலிலிருந்து குரல்தான் கொடுப்பாள். "போலாம் ரைட்!" எவ்வளவு இரைச்சலிலும் அது நேராக என் பிடரியில் வந்து விழும். அது விழாமல் ஒருநாளும் நான் வண்டியை எடுத்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு டெப்போவில் எங்களை வேறு வேறு வண்டிகளில் போட்டார்கள். வீட்டில் மட்டும், பேச்சு போகும்வரை அவள் என்னை டிரைவரே என்றுதான் கூப்பிட்டாள்.

"சார், அவங்க வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்காதீங்க," என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். "அவங்களே தேடட்டும். நீங்க சும்மா காத்திருந்தா போதும்."

காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான் மேடம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவள் உதடு அசைந்ததோ இல்லையோ, "தண்ணியா? மாத்திரையா? போர்வையா?" என்று அடுக்கிவிடுவேன். அவள் கையில் இருக்கும் கரண்டி பறந்துவரும். அவசரத்தால் அல்ல, பயத்தால் கேட்கிறேன். ஊர் வாயையெல்லாம் அடைத்தவள் ஒரு சொல்லுக்காக மூச்சுத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நெஞ்சு இல்லை.

ஒருநாள் மருந்துக்கடையில் அவள் எதற்கோ "இல்ல, இல்ல" என்று சொல்ல, கடைக்காரர் அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக் கத்திக் கத்திப் பேசியிருக்கிறார். அதோடு சரி, வாசற்படி தாண்டுவதை விட்டுவிட்டாள். மையத்துக்குக்கூட வர மறுத்தாள். டீச்சர்தான் வீட்டுக்கு வந்து போகிறார். மாடி ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே சாலை, சாலையில் தடத்தின் கடைசி நிறுத்தம். அவளுக்கு உலகம் அவ்வளவுதான்.

"ஓட்டம் முடியற எடத்துல வந்து நிப்பியா? உன்னப் பாத்தாத்தான் எனக்குக் கால் ஓடும்," என்று கேட்டேன்.

"இல்ல."

அது எந்த இல்ல என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்கவும் பயமாக இருந்தது.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் கடைசி நீண்ட பயிற்சி ஓட்டம். பாதி தூரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மார்க்கெட், பள்ளிக்கூடம், மேம்பாலம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றேன். மகளுக்குத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிட்டது. "அம்மா ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே இருக்காங்கப்பா தினமும். கடைசி ஸ்டாப்புல நீங்க இப்படி நிக்கறதப் பாத்து சிரிக்கறாங்க, தெரியுமா?"

சிரிக்கட்டும், அதுவாவது நடக்கட்டும் என்றேன். உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன், கிரீஸிடம் போய் டிரிப் கட் என்று சொல்லிவிடுவதென்று. இந்தக் காலை வைத்துக்கொண்டு முழுத் தூரம் ஓடுவது நடக்காத காரியம். ஓடி முடித்தாலும் அவள் வரப்போவதில்லை.

கடைசித் திருப்பம் திரும்பினேன். வீட்டுக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில், கம்பத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வீட்டுச் செருப்பு, நைட்டிக்கு மேலே என் பழைய காக்கிச் சட்டை. படி இறங்கி, சாலையைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறாள். தடியைக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தாள்.

"நிக்காதீங்கப்பா, அப்படியே வாங்க!" என்றாள் மகள், அம்மாவை இன்னும் பார்க்காமல். பார்த்ததும் அவளும் நின்றுவிட்டாள்.

நான் என் மனைவி முன்னால் போய் ஓரங்கட்டி நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எதற்காக ஒவ்வொரு கம்பத்தடியிலும் நிற்கிறேன் என்று என் மகளுக்குத் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. கண்டக்டருக்குத் தெரியாதா?

அவள் உதடு அசைந்தது. இல்ல வரும் என்று நினைத்தேன்.

"போ..."

போர்வையா என்று நான் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. மகள் வாயைத் திறந்தாள். பேசாதே என்று அவளுக்குக் கைகாட்டினேன்.

"போ... லாம்."

பின்னால் நிஜப் பேருந்து வந்து நின்றது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். நான் ஒதுங்கவில்லை. இன்னொரு சொல் பாக்கி இருந்தது. அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். மேல்வரிசைப் பல்லில் நாக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவளுக்கு வராது என்று தோன்றியது. திரும்பிச் சாலையைப் பார்த்து நின்றேன். வலது காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹார்ன் சத்தத்துக்கு நடுவே, அவளுக்குப் பிடரியைக் காட்டியபடி நின்றிருந்தேன்.