வார்னிஷ் படாத இடம்

கஸ்தோன் ஐந்தரைக்கு எழுந்தான். கெண்டியில் தண்ணீர் வைத்து, கொதி வருவதற்குமுன் இறக்கினான். சுரைக்குடுக்கையில் மாத்தே தேயிலையை முக்கால் அளவு கொட்டி, ஓரமாகத் தண்ணீர் விட்டு, உலோகக் குழலால் உறிஞ்சினான். நாலு முறை. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குடித்தால் ஒரு கெண்டி தீர்ந்துவிடும். ஒருவனுக்குப் பாதி மிஞ்சியது. மிஞ்சிய வெந்நீரில் பாத்திரம் கழுவினான். ஒரு தட்டு, ஒரு கத்தி. முந்தின நாள் ரொட்டியை அடுப்பில் வாட்டித் தின்றான். பல் தேய்த்தான். கதவைப் பூட்டி, பூட்டியாயிற்றா என்று இழுத்துப் பார்த்தான். தெரு வாய்க்காலில் தண்ணீர் வரும் முறை அன்று இல்லை. காய்ந்த இலைகள் கிடந்தன. வாய்க்கால் ஓரமாகவே நடந்து ஆறே முக்காலுக்கு அச்சகம் போய்ச் சேர்ந்தான்.

மாய்ப்பூ ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு ஒயின் ஆலை. ஆலைக்கு பாட்டில் வேண்டும், பாட்டிலுக்கு லேபிள் வேண்டும். அந்த லேபிள்களை அச்சடிக்கும் இயந்திரத்தின் கடைசி யூனிட் கஸ்தோனுடையது. முதல் நாலு யூனிட்டுகள் நாலு நிறம் போடும். ஐந்தாவது வார்னிஷ் போடும். பாட்டில் ஐஸ் வாளியில் கிடந்தாலும், ஈரக்கை பட்டாலும், பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசினாலும் எழுத்து அழியாமல் இருப்பது அந்தக் கடைசிப் பூச்சால்தான்.

நாலு நிறங்களையும் பார்த்துக்கொள்பவன் கீகே. ஐம்பது வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய்.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணை அச்சடிக்கிறதுக்கு இவன் ஆறு வருஷம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சிருக்கான்" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். "நான் ஆறாங்கிளாஸ். நாலு கலர் அடிக்கிறேன்."

கஸ்தோனின் மனைவி ரொசியோ இறந்த பிறகு ஒரு மாதம் கீகே இதைச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மறுபடி ஆரம்பித்தான். கஸ்தோனுக்கு அன்று கொஞ்சம் மூச்சு வந்தது.

அவள் போனது சென்ற மார்ச்சில், திராட்சை பறிப்பு நேரத்தில். காலை வேலைக்கு ஸ்கூட்டரில் போனவள். திராட்சை ஏற்றிய லாரி. அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி நடையில் அவளுடைய அம்மா எல்விரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய்க்கும் மகளுக்கும் அப்போது மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. அந்த வருடப் பறிப்புக்கு ரொசியோ தோட்டத்துக்கு வர மறுத்துவிட்டாள். அதிலிருந்து வளர்ந்த சண்டை.

"கடைசியா என்ன சொல்லிட்டுப் போனா?" என்று எல்விரா கேட்டாள்.

"அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றான் கஸ்தோன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. எல்விராவின் நகங்கள் அவன் உள்ளங்கையில் பதிந்தன. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டுக்குப் போனான். சொன்ன பொய்க்கு அவன் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ரொசியோ உண்மையில் சொன்னது அவனிடம் மட்டும் இருந்தது. பெரிய வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் ஒரு தாயிடம் சொல்லக்கூடியதும் இல்லை. வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவள் உடைகளை அவள் சித்தி கொண்டுபோனாள், ஸ்கூட்டர் போலீஸ் கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தது. அவனுக்கென்று தனியாக மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிப்ரவரி கடைசியில் எல்விரா போன் செய்தாள்.

"வருஷப் பூசைக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுக்கப்போறேன். அந்த வருஷத்து ஒயின்தான். லேபிள் நீ அடிச்சுக் கொடு."

"சரி."

"மேல அவ கடைசியா சொன்னதைப் போடு. நடுவுல அவ பேர். கீழ கொஞ்சம் இடம் விடு, வர்றவங்க பேரை நான் என் கையால எழுதணும். அந்த இடத்துல உன் எண்ணெய்ப் பூச்செல்லாம் பூசித் தொலைக்காத. பேனா வழுக்கும்."

"மேல என்ன போடணும்னீங்க?"

"காது கேக்கலையா? 'அம்மாவைப் பாத்துக்கோ'ன்னு போடு."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சொல்லக்கூடிய காரணம் எதுவும்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வேலை முடிந்ததும் உருளையின் அடியில் முப்பது நாற்பது மீட்டர் காகிதம் மிஞ்சும். முதலாளி அதைக் கேட்கமாட்டார். தொழிலாளிகள் தங்கள் வீட்டுக்கு வேண்டியதை அதில் அடித்துக்கொள்ளலாம். மகளின் பதினைந்தாவது பிறந்தநாள், மச்சானின் ஆலிவ் எண்ணெய், ஆளுக்கு ஏற்றபடி. வால் என்று அதற்குப் பேர். வெள்ளிக்கிழமை வால் கஸ்தோனுக்கு என்று கீகே எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, எல்லோரும் மதியத் தூக்கத்துக்குக் கிளம்பும் நேரத்தில், கீகே மட்டும் நின்று கறுப்பும் சிவப்பும் ஏற்றிக் கொடுத்தான். எழுத்துத் தகட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியில் காட்டிப் படித்தான்.

"'அம்மாவைப் பாத்துக்கோ.'" "என் பொண்டாட்டி போறப்ப இப்படியெல்லாம் சொல்லமாட்டா. குப்பையைக் கொண்டுபோய்ப் போடுன்னுதான் சொல்லுவா."

கஸ்தோன் வார்னிஷ் டப்பாவின் மூடியை நெம்பினான்.

"சும்மா சொன்னேன்டா."

"தெரியும்."

"வார்னிஷ் நீயே போட்டுக்க. அந்த மந்திரம் எனக்கு வராது."

வார்னிஷ் தகட்டை அவனே முந்தின நாள் வெட்டி வைத்திருந்தான். மற்ற தகடுகளில் எழுத்து இருக்கும், படம் இருக்கும். வார்னிஷ் தகட்டில் ஒன்றுமே இருக்காது. வெறும் ரப்பர்ச் செவ்வகம். பூச்சு வேண்டாத இடத்தில் மட்டும் ஒரு ஜன்னல். தலைகீழாக ஒட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஊரிலுள்ள எல்லா லேபிள் அச்சகங்களிலும் வருடத்துக்கு ஒருமுறை யாராவது இந்தத் தப்பைச் செய்வார்கள். அதற்காகத்தான் இடது மேல்மூலையைச் சிறிதாக வெட்டிவிடுவது. வெட்டுமூலை தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உருளையில் ஒட்டவேண்டும். நாலு வருடத்தில் கஸ்தோன் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

வார்னிஷைக் கலக்கினான். அடியில் ஓட்டையுள்ள குவளையில் மொண்டு, ஒழுகி முடிய எத்தனை நொடி என்று எண்ணினான். இருபத்தாறு. கெட்டி. கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மறுபடி எண்ணினான். இருபத்திரண்டு. தொட்டியில் ஊற்றினான். தகட்டை ஒட்டினான். பொத்தானை அழுத்தினான்.

காகிதம் ஓடியது. நாற்பது மீட்டர் என்பது ஒரு நிமிடம்கூட இல்லை. உலர்த்தியைத் தாண்டி முதல் லேபிள்கள் வந்தபோது தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். கீழே, பெயர் எழுதவேண்டிய இடம் பளபளத்தது. மேலே, அந்த எழுத்துகளின் மீது பளபளப்பு இல்லை. மங்கலாக, வெறும் காகிதமாக இருந்தது.

கை சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்தினால் தகட்டைத் திருப்பி ஒட்ட இரண்டு நிமிடம். மீதிக் காகிதமே வேண்டிய நூற்றிருபது லேபிளுக்கும் போதும்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான். காகிதம் தீர்ந்து, வால் நுனி உருளையில் இரண்டு முறை படபடவென்று அடித்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனபோது எல்விரா கொடிப்பந்தலின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டில்கள் வரிசையாக நின்றன. லேபிள் சுருளை வெள்ளிக்கிழமை மாலையே கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று வாசலிலிருந்தே திரும்பியிருந்தான். முன்பே நிரப்பிக் காய்ந்திருந்த முப்பது பாட்டிலுக்கு ஒட்டி முடித்திருந்தாள்.

"வா. உன் காலேஜ் படிப்பைப் பாரு" என்றாள். ஒரு பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். பெயர் எழுதும் இடத்தில் பேனா வழுக்கிய கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு கோடு. "ஒன்பது பேனா மாத்திட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர்கிட்டகூட கேட்டு வாங்கிட்டு வந்தேன். என்ன சொன்னேன் உன்கிட்ட? கீழ பூசாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க தோன்யா எல்விரா" என்றான், எப்போதும்போல மரியாதைப் பட்டம் சேர்த்து.

"அப்புறம்?"

"தகடு தலைகீழாப் போச்சு."

"உன் தலை எந்தப் பக்கம் இருந்துச்சு அப்போ?"

அவன் உட்கார்ந்தான். அவள் எழுந்துபோய்ப் பெரிய ஜாடியிலிருந்து அடுத்த பாட்டிலை நிரப்பினாள். தக்கையை அடித்து, வழிந்ததைக் கையால் துடைத்து, அந்த ஈரக்கையோடு லேபிளை உரித்து ஒட்டி, கட்டைவிரலால் மேலிருந்து நீவினாள். எடுத்தபோது விரல் கறுப்பாக இருந்தது. லேபிளில் 'அம்மாவை' வரை இருந்தது. மீதி, இழுத்துத் தேய்த்த கரி போல ஓரத்துக்குப் போயிருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள். லேபிளைப் பார்த்தாள். அடுத்த பாட்டிலை எடுத்து, வேண்டுமென்றே ஈரவிரலை அந்த எழுத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள். போயிற்று. ரொசியோவின் பெயர்மேல் தேய்த்தாள். போகவில்லை.

"அவ பேருக்குப் பூசியிருக்க. இதுக்குப் பூசலை."

"ஆமா."

"தகடு தலைகீழாப் போச்சு."

"ஆமா."

"எப்பப் பாத்த?"

கஸ்தோன் பாட்டில்களைப் பார்த்தான். "மெஷின் ஓடிட்டிருக்கறப்பவே."

எல்விரா கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் ஒரு தக்கையை எடுத்து மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஏழு வயசுல டைஃபாய்டு வந்துச்சு" என்றாள். "நான் பதினோரு நாள் தூங்கலை. காய்ச்சல் இறங்கி எழுந்து உக்காந்ததும் என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, உன் வாய் நாறுது'ன்னா. அதான் என் மகள். 'பாத்துக்கோ'ன்னு அவ யாரையும் சொன்னதில்லை. பூனையைக்கூடச் சொன்னதில்லை."

அவன் உருளும் தக்கையைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரில நீ சொன்னப்பவே தெரியும். அன்னைக்கு எனக்கு அது வேண்டியிருந்துச்சு, வாங்கிக்கிட்டேன். அச்சடிச்சா நிஜமாயிடும்னு பாத்தேன். முட்டாள்தனம்." தக்கை உருண்டு தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை. "அன்னைக்குக் காலைல உன் போனுக்குக் கூப்பிட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவளைக் கொடுன்னேன். குளிக்கிறான்னு சொன்ன. அப்ப அவ வீட்டுலயே இல்லை, கிளம்பிப் போயிட்டா. அப்புறம் போலீஸ் விபத்து நடந்த நேரத்தைச் சொன்னப்ப எனக்குத் தெரிஞ்சுது. ஒரு வருஷமா கேக்கலை. போன்ல நீயா அப்படிப் பொய் சொல்ற ஆள் இல்லை. உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாது."

பந்தலின் மேலே குளவிகள் மீந்த பழத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. சொல்லிவிட்டால் அந்த வாக்கியம் இவளுடையதும் ஆகிவிடும் என்று கஸ்தோனுக்குத் தோன்றியது. அப்புறம் வீட்டுக்குப் போனால் அங்கே அவனுக்கென்று என்ன இருக்கும் என்று தெரியவில்லை.

எல்விரா பேனாவை எடுத்தாள். எழுத்து அழிந்துபோன அந்த வெறும் இடத்தில் நுனியை வைத்து ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். வழுக்காமல் எழுதியது.

"இங்க மட்டும்தான் எழுத முடியுது" என்றாள். "சொல்லு. நல்லதா மாத்திச் சொன்னேன்னா செருப்பால அடிப்பேன். அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே."

"உங்களுக்குப் பிடிக்காது."

"எனக்குப் பிடிச்ச மாதிரி அவ எப்படா பேசியிருக்கா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வாசல்ல நின்னு ஹெல்மெட் வாரை மாட்டிக்கிட்டே சொன்னா. 'எங்கம்மா கூப்பிட்டா குளிக்கிறேன்னு சொல்லிடு. எவ்வளவு நேரம்னு கேட்டா, இன்னைக்கு நாள் பூரா குளிப்பேன்னு சொல்லு.'"